கணித முகாமுக்கு எந்தப் பெரிய எண்? ஐந்து எண்களை வைத்து ஓர் ஒப்பீடு

இரண்டு நாள் கணித முகாம் ஒன்றை ஒரேயொரு பெரிய எண்ணை வைத்து நடத்தி முடிக்கலாம். கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக் கணிதம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களோடு கதைக்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். அவர்கள் உடனே திருப்பிக் கேட்பது: "சரி, எந்த எண்?" அந்தக் கேள்விக்கு வாயால் சொல்லி முடிக்க ஏலாது. கரும்பலகை வேண்டும், கொஞ்சம் நேரமும் வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. முகாமுக்கு வருகிறவர்கள் தரம் 8 முதல் 11 வரை கலந்துதான் வருவார்கள். சின்னப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாகப் பிரித்து முகாம் வைக்கிற அளவுக்குப் பிள்ளைகளும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. கையில் இருப்பது ஒரு கரும்பலகை, கொப்பித்தாள், பென்சில். கல்குலேற்றரை நான் உள்ளே விடமாட்டேன். சாதாரண தரக் கணித வினாத்தாளுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. கையால் வகுக்கப் பழகாத பிள்ளை அங்கே போய்த் தடுமாறும். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுகிற விடயம் இன்னொன்று. ஒரு எண் முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா, வேறென்ன வகை என்பதைச் சேர் சொன்னார், புத்தகத்தில் இருக்கிறது, போனில் போட்டுப் பார்த்தோம் என்று பிள்ளை ஏற்றுக்கொள்வது எனக்குப் போதாது. "இது இந்த வகைதான், ஏனென்றால்..." என்று பிள்ளை தன் கொப்பியைக் காட்டிச் சொல்ல வேண்டும். கீழே வருகிற ஐந்து எண்களையும் அந்த ஒரு அளவுகோலை வைத்தே அளக்கிறேன்.

அந்த ஐந்தும் இவை: 2,147,483,647, 4,294,967,297, 720,720, 381654729, 33,550,336.

முதலாவது 2,147,483,647. ஆள் மிகப் பிரபலம். 2³¹ − 1 என்று எழுதலாம். முதன்மை எண் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஒயிலர் நிறுவினார். 1772இல் வெளிவந்த, டானியல் பேர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய முதன்மை எண்ணாக இதுவே இருந்தது. இன்றைக்கும் நம் கையில் இருக்கிற கருவிகளுக்குள் இது உயிரோடு இருக்கிறது. நேரத்தை 32 துவித இலக்கங்களில் எண்ணி வைக்கிற பழைய கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து செக்கன்களை எண்ணிக்கொண்டு வருகின்றன. அவற்றால் எண்ணக்கூடிய எல்லை இதுதான். அந்த எல்லை 2038 ஜனவரி 19ஆம் திகதி, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனுக்கு வருகிறது. பிள்ளைகள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் கையால் செய்ய என்ன இருக்கிறது? இது முதன்மை எண் என்று நேர்வழியில் காட்ட வேண்டுமானால் வர்க்கமூலமான 46,340 வரையுள்ள 4,792 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒயிலர் தன் கெட்டித்தனத்தால், சோதிக்க வேண்டிய காரணிகள் 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருபவை மட்டுமே என்று காட்டி, வேலையை 372 வகுத்தல்களுக்குள் அடக்கினார். 372ம் எங்களுக்கு ஏலாது. முகாம் முடிகிற நேரத்தில் பத்து நிமிடக் கதையாகச் சொல்லலாம். இரண்டு நாளைத் தாங்காது.

இரண்டாவது 4,294,967,297. இதுதான் 2³² + 1. இதன் பின்னால் உள்ள கதை கணித வரலாற்றிலேயே பிள்ளைகளுக்கு மிக உதவியான கதைகளில் ஒன்று என்பது என் எண்ணம். 3, 5, 17, 257, 65,537 என்று ஒரு வரிசை. 2ஐ 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் இவை வரும். ஐந்தும் முதன்மை எண்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா, இந்த வரிசை இப்படியே முதன்மை எண்களாகவே போகும் என்று நம்பினார். அடுத்தது எங்களுடைய 4,294,967,297. 1732இல் ஒயிலர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6,700,417. ஐந்து முறை சரிவந்த ஒன்று ஆறாவது முறை பிழையாகிப்போனது. "மூன்று கணக்குக்குச் சரிவந்தது, அப்ப எல்லாத்துக்கும் சரிதானே சேர்?" என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இந்தப் பெருக்கலைத் தரம் 8 பிள்ளைகூடக் கையால் செய்து சரிபார்க்கும். ஆனால் 641 எங்கிருந்து வந்தது? அங்கேதான் இந்த எண்ணின் அழகும் எங்கள் சிக்கலும் இருக்கின்றன. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். முதலாவதைப் பார்த்தால், 5 × 2⁷ஐ 641ஆல் வகுக்கும்போது மீதியை −1 என்று கொள்ளலாம். அதை நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதைப் பார்த்தால், 5⁴ இருக்கிற இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். அப்போது −2³²இன் மீதி 1 என்று வருகிறது. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடும். நான்கு வரி. உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போகிற பிள்ளைக்கு இதைக் காட்டினால் அன்றிரவு நித்திரை வராது. தரம் 9 பிள்ளைக்கு மீதியை வலுவுக்கு உயர்த்துகிற பழக்கம் இல்லை. அதை முதலில் பழக்க ஒரு நாள் போய்விடும். உயர்தர மாணவர் மட்டும் வருகிற முகாமானால் நான் கண்ணை மூடிக்கொண்டு இந்த எண்ணைத்தான் எடுப்பேன். கலப்பு முகாமுக்கு வேண்டாம்.

மூன்றாவது 720,720. இதை எழுதியவுடனேயே பிள்ளைகள் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள்: 720 இரண்டு தரம் வருகிறது. அப்படியானால் இது 720 × 1001. அந்த 1001, 7 × 11 × 13 ஆகும். எந்த மூன்று இலக்க எண்ணையும் இரண்டு தரம் அடுத்தடுத்து எழுதினால் வருகிற ஆறு இலக்க எண் 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். வகுத்து முடித்தால் முதலில் எழுதிய எண் திரும்ப வரும். வகுத்தலுக்குப் பயந்த பிள்ளையை வகுக்க வைக்க இதுபோல ஒன்று வேறில்லை. தன் விருப்பப்படி எண்ணை எடுக்கிறது, மூன்று முறை வகுக்கிறது, தன் எண்ணே கைக்கு வருகிறது. எங்காவது பிசகினால் பிசகியது அதற்கே தெரியும், ஆசிரியர் திருத்தத் தேவையில்லை.

720,720இன் முதன்மைக் காரணிகள் 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. காரணிகளின் எண்ணிக்கை 5 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 240. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. தனக்குக் கீழேயுள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் வெல்கிற எண்களைப் பற்றி 1915இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதியவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். அப்படிப்பட்ட எண்களின் நீண்ட பட்டியலை அவர் தயாரித்தார். அதில் 293,318,625,600 மட்டும் விடுபட்டுப்போனது. இத்தகைய எண்களில் 2இன் வலு 3இன் வலுவுக்குக் குறையாது, 3இன் வலு 5இன் வலுவுக்குக் குறையாது. காரணம் எளிது: வலுக்களை இடம் மாற்றிப் பெரிய வலுவைச் சிறிய முதன்மை எண்ணுக்குக் கொடுத்தால் காரணி எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறிதாகும். தரம் 10 பிள்ளை இதைத் தானே சொல்லும்.

இன்னொரு பக்கத்தால் பார்த்தால், 1 முதல் 16 வரையுள்ள எல்லா எண்களினதும் பொது மடங்குகளுட் சிறியது 720,720தான். பொ.ம.சி. எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமான விடயமே இல்லை. சிறுபோகத்தில் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு வாய்க்காலுக்கு 4 நாளுக்கு ஒருமுறை, இன்னொன்றுக்கு 6 நாளுக்கு, மூன்றாவதுக்கு 9 நாளுக்கு என்று வைத்துக்கொண்டால், மூன்றுக்கும் ஒரே நாளில் தண்ணீர் போவது 36 நாளுக்கு ஒருமுறை என்பதை வயற்காரரின் பிள்ளை கொப்பி இல்லாமலே சொல்லும்.

இவ்வளவு நல்ல எண்ணை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை? இதில் எதிர்பாராதது குறைவு. உடைத்தால் உடைந்துகொண்டே போகும். எல்லாக் கேள்விக்கும் "ஓம், வகுபடும்" என்றே பதில் வரும். ஒரு நாளுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அலுக்கத் தொடங்கும். அதோடு "இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் இல்லை" என்ற முக்கியமான கூற்றை முழுதாகக் கையால் காட்டுவது கடினம். அந்த இடத்தில் ஆசிரியரை நம்ப வேண்டிவரும். பலவீனமான பிள்ளைகள் கூடுதலாக வருகிற ஒரு நாள் முகாமுக்கு இதைத் தாராளமாக எடுக்கலாம். பாடசாலைக் காலத்தில் பொ.ம.சி. படிப்பிக்கும்போதும் எடுக்கலாம்.

நான்காவது 381654729. இதை நான் வேண்டுமென்றே காற்புள்ளி இல்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு இலக்கமும் தன் இடத்தில் நின்று வேலை செய்கிறது. 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வருகின்றன. முதல் இரண்டு இலக்கமான 38, 2ஆல் வகுபடும். முதல் மூன்றான 381, 3ஆல் வகுபடும். 3816, 4ஆல். 38165, 5ஆல். இப்படியே ஒன்பது வரை. இந்தக் குணம் உள்ள ஒன்பது இலக்க எண் இது ஒன்றுதான்.

அந்த "ஒன்றுதான்" என்பதைப் பிள்ளைகள் தாங்களே நிறுவலாம் என்பதற்காகத்தான் இந்த எண் எனக்கு இவ்வளவு பிடிக்கும். எண்ணை முதலில் காட்டக்கூடாது. கரும்பலகையில் ஒன்பது வெறும் பெட்டிகளைக் கீறிவிட்டு நிபந்தனையை மட்டும் சொல்ல வேண்டும். ஐந்தாவது பெட்டியில் 5 வரும் என்று பின்வாங்கில் இருந்துகூடக் குரல் வரும், ஏனென்றால் 0 இல்லை. இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் பெட்டிகள் இரட்டை எண்கள். அப்படியானால் மிச்சப் பெட்டிகளில் ஒற்றை எண்கள்தான். நான்காவது பெட்டிக்கு வரும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்: மூன்றாவது ஒற்றை எண், மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்த ஈரிலக்க எண் 4ஆல் வகுபட வேண்டும், ஆகவே நான்காவது 2 அல்லது 6. எட்டாவதும் அதே மாதிரி 2 அல்லது 6. முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட வேண்டும். முதல் ஆறினதும் வகுபட வேண்டும். அப்போது நடு மூன்றான நான்காம், ஐந்தாம், ஆறாம் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 3ஆல் வகுபட்டே ஆக வேண்டும். நான்காவது 2 என்றால் ஆறாவது 8; நான்காவது 6 என்றால் ஆறாவது 4. நடுவில் 258 அல்லது 654. வேறு வழியே இல்லை.

258 என்று எடுத்தால் எட்டாவது 6, இரண்டாவது 4. 8இன் விதியும் 3இன் விதியும் சேர்ந்து நெரிக்க, 147258963, 741258963 என்ற இரண்டு மட்டுமே மிஞ்சும். 654 என்று எடுத்தால் எட்டாவது 2, இரண்டாவது 8. ஏழாவது 3 அல்லது 7. அங்கே எட்டு எண்கள் மிஞ்சும். ஆக மொத்தம் பத்து. 362,880 ஒழுங்குகளிலிருந்து பத்துக்கு வந்துவிட்டோம், இதுவரை ஒரு நெடும் வகுத்தலும் செய்யவில்லை.

"சேர், 7க்கு விதி ஒண்டும் படிக்கேல்லையே?" என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். படிக்கவில்லைத்தான், வகுத்துத்தான் பார்க்க வேண்டும். பத்து எண்களையும் பத்துப் பேருக்குக் கொடுங்கள். முதல் ஏழு இலக்கத்தை 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 1472589க்கு மீதி 6. 7412589க்கு மீதி 2. 9876543க்கு மீதி 5. ஒவ்வொருவராக எழும்பி மீதியைச் சொல்லச் சொல்ல வகுப்பு அமைதியாகிவிடும். 3816547 வைத்திருக்கிற பிள்ளை மட்டும் 545221 என்று ஈவைச் சொல்லும், மீதி இராது. 9இன் நிபந்தனைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை; 1 முதல் 9 வரை கூட்டினால் 45, எந்த ஒழுங்கில் எழுதினாலும் 9ஆல் வகுபடும்.

வகுபடுதகைமை விதிகள் எல்லாம் தரம் 6, 7இலேயே படித்தவை. ஆகவே கடைசிப் பிள்ளை வரை இதில் இறங்கலாம். இதன் குறை, நல்ல ஓட்டத்தில் போனால் ஒரு காலையிலேயே முடிந்துவிடும் என்பதுதான். முடிந்த பிறகு அங்கிருந்து வேறெங்கும் பாதை போகவில்லை. நாம் இலக்கங்களை எழுதுகிற பத்தடி முறையைச் சார்ந்த குணம் இது. எண்ணின் உள்ளமைப்பைப் பற்றி அதிகம் சொல்லாது. வேறு அடியில் எழுதினால் இந்த எண்ணிடம் இந்தக் குணம் இராது. 33,550,336ஓ எந்த அடியில் எழுதினாலும் தன் வகையை விட்டுக்கொடுக்காது.

என் தெரிவு அந்த 33,550,336தான். ஏன் என்று கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஒரு எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் மூன்றில் ஒன்றுதான் நடக்கும்: எண்ணைவிடக் குறைவாக வரும், கூட வரும், அல்லது சரியாக அதே எண் வரும். குறைவெண், மிகையெண், நிறைவெண். இந்த வகைப்பாட்டை கி.பி. 100 அளவில் வாழ்ந்த நிக்கோமாக்கஸ் என்ற கிரேக்கர் தன் நூலில் விளக்கியிருக்கிறார். முதன்மை எண்கள் எல்லாம் குறைவெண்கள், ஏனென்றால் கூட்டக் கிடைப்பது 1 மட்டும். 720,720 பெரிய மிகையெண். அதன் காரணிகளின் கூட்டுத்தொகை அதைப்போல் மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். நிறைவெண்கள் மிக அரிது: 6, 28, 496, 8128. அதற்கு அடுத்தது, ஐந்தாவது, 33,550,336. நான்காவதுக்கு நான்கு இலக்கம், ஐந்தாவதுக்கு எட்டு. அவ்வளவு தூரம் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

முகாமை 28இலிருந்து தொடங்கலாம். 1 + 2 + 4 + 7 + 14. பிறகு 496. இரண்டையும் கூட்டி முடித்த பிள்ளைகளிடம் முதன்மைக் காரணிகளாக உடைக்கச் சொன்னால் 6 = 2 × 3, 28 = 4 × 7, 496 = 16 × 31, 8128 = 64 × 127 என்று வரும். இடதுபக்கம் 2இன் வலு. வலதுபக்கம் அதன் இருமடங்கில் ஒன்று குறைவு. இதைக் கண்டுபிடிக்கக் கன நேரம் எடுக்காது. கண்டுபிடித்த உடனே யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் ஆசிரியர் கேட்க வேண்டும்: 8 × 15 ஏன் பட்டியலில் இல்லை? 120இன் காரணிகளைக் கூட்டிப் பார்க்கட்டும். 240 வருகிறது, சரியாக இருமடங்கு. 15 முதன்மை எண் அல்ல. 3ம் 5ம் உள்ளே நுழைந்து கூட்டுத்தொகையை ஏற்றிவிட்டன. வலதுபக்கம் முதன்மை எண்ணாக இருந்தே ஆக வேண்டும் என்பதை இதிலிருந்து பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள். வலதுபக்கம் முதன்மை எண்ணாக இருந்தால் இரண்டையும் பெருக்கி வருவது நிறைவெண்தான் என்று பழைய கிரேக்கரான யூக்ளிட் தன் ஒன்பதாவது புத்தகத்தின் 36ஆவது கூற்றில் காட்டினார்.

அடுத்ததாக 1024 × 2047. இதுவரை வலதுபக்கம் வந்தவை 2² − 1, 2³ − 1, 2⁵ − 1, 2⁷ − 1. சுட்டிகள் 2, 3, 5, 7 நான்கும் முதன்மை எண்கள், நான்கும் வேலை செய்தன. அடுத்த முதன்மை எண் 11; 2¹¹ − 1 = 2047. வேலை செய்யும் போலத்தான் தெரியும். 45 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19 எதனாலும் வகுபடாது. 23இல் உடையும். 23 × 89. ஃபெர்மாவின் எண்ணில் பத்து இலக்கங்களில் கிடைத்த அதே பாடம் இங்கே நான்கு இலக்கத்தில், பிள்ளையின் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடைக்கிறது. இந்த ஒரு காரணமே என்னை இந்த எண்ணின் பக்கம் சாய்த்தது.

பிறகு 13. 2¹³ − 1 = 8191. இது முதன்மை எண்ணா? வர்க்கமூலம் 90க்கு மேல் கொஞ்சம், ஆகவே 89 வரையுள்ள 24 முதன்மை எண்களால் வகுக்க வேண்டும். 4,792 அல்ல, 372 அல்ல, 24. பன்னிரண்டு சோடிகள், ஆளுக்கொரு முதன்மை எண். அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை. எல்லாருடைய மீதியும் கரும்பலகையில் ஏறிய பிறகு ஒன்றிலும் பூச்சியம் இல்லை என்பதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு 8191 முதன்மை எண் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உற்சாகமான மூத்த பிள்ளைகள் இருந்தால், 2¹³ − 1இன் எந்த முதன்மைக் காரணியும் 26ஆல் வகுக்கும்போது 1 மீதி தரும் என்ற உண்மையைச் சொல்லலாம். அப்போது சோதிக்க வேண்டியவை 53ம் 79ம் மட்டும்.

இனிக் கூட்டல். 4096 × 8191இன் காரணிகள், அந்த எண்ணை விட்டுவிட்டால், 25. முதல் பதின்மூன்று 1, 2, 4 என்று 4096 வரை. அவற்றின் கூட்டுத்தொகை 8191. மற்றப் பன்னிரண்டும் 8191, 8191 × 2, 8191 × 4 என்று 8191 × 2048 வரை. அவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095. இரண்டையும் சேர்த்தால் 8191 × (1 + 4095), அதாவது 8191 × 4096. எண்ணே திரும்ப வந்துவிட்டது. தரம் 11 பிள்ளைக்கு இது பெருக்கல் விருத்தி. தரம் 8 பிள்ளைக்கு 25 எண்களின் நெடுங்கூட்டல். ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கூட்டி 33,550,336 வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். இருவருக்கும் ஒரே மேசையில் வேலை இருக்கிறது. கலப்பு முகாமுக்கு வேண்டியது இதுதான்.

இந்த எண்ணுக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. 1 முதல் 8191 வரை கூட்டினால் இது வரும், ஆகவே இது முக்கோண எண். 1³ + 3³ + 5³ என்று 127³ வரை முதல் 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். துவிதத்தில் எழுதினால் பதின்மூன்று 1களும் அவற்றின் பின்னால் பன்னிரண்டு 0களும். பத்தடியில் இலக்கங்களைக் கூட்டினால் 28, இன்னொரு நிறைவெண். ஓரிலக்கம் வரும்வரை அதையும் கூட்டிக்கொண்டு போனால் 1 வரும்; இப்படிக் கடைசியில் வருவதுதான் இலக்கச் சுட்டி. 6ஐத் தவிர்ந்த எல்லா இரட்டை நிறைவெண்களுக்கும் இலக்கச் சுட்டி 1தான், இரண்டாம் நாள் மாலைக்கு இது நல்ல கேள்வி. நிக்கோமாக்கஸ், நிறைவெண்கள் 6, 8 என்று மாறி மாறி முடியும் என்று எழுதினார். ஐந்தாவது 6இல் முடிகிறது. ஆறாவதான 8,589,869,056ம் 6இலேயே முடிகிறது.

இதன் கடைசிக் கேள்விகளுக்கு இன்னும் ஒருவருக்கும் விடை தெரியாது என்பதையும் சேர்க்கிறேன். ஒற்றை நிறைவெண் ஒன்று இருக்கிறதா? இரட்டை நிறைவெண்கள் எல்லாம் யூக்ளிட்டின் வடிவிலேயே இருக்கும் என்று ஒயிலர் காட்டினார். ஒற்றையைப் பற்றி இன்றுவரை முடிவில்லை. 2024 ஒக்ரோபரில் 2இன் 136,279,841ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண் முதன்மை எண் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு 41,024,320 இலக்கங்கள். அதோடு நமக்குத் தெரிந்த நிறைவெண்கள் 52 ஆகின. விசுவமடுவில் வாங்கில் இருந்து 8191ஐ 53ஆல் வகுக்கிற பிள்ளையும் அதே வரிசையில், அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இடப்பெயர்வும் பள்ளிக்கூடம் இல்லாத மாதங்களும் எத்தனையோ பேரைக் கணிதத்திலிருந்து தள்ளிவிட்ட மண் இது. கணிதம் எங்கோ தூரத்தில் முடித்து வைக்கப்பட்ட ஒன்று என்ற எண்ணத்தோடு இன்னொரு தலைமுறை வளரக்கூடாது.

ஆகவே இரண்டு நாள் கலப்பு முகாமுக்கு 33,550,336. முதல் நாள் காலை 28இலிருந்து 120 வரை, மதியத்துக்குப் பிறகு 2047. இரண்டாம் நாள் காலை 8191, மதியத்துக்குப் பிறகு பெரிய கூட்டல். தரம் 8, 9 பிள்ளைகள் மட்டுமே வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், முதல் நாள் காலையை 381654729க்குக் கொடுத்து, 28ஐ மதியத்துக்குத் தள்ளலாம். 2047 வரை போய் நிறுத்தினாலும் குறையில்லை. ஒரு நாள்தான் கிடைத்தது, வருகிறவர்களுக்கு வகுத்தலே ஓடாது என்றால் 720,720.

8191 வேலைக்கு ஆசிரியர் மீதிகளை முதலே குறித்து வைத்திருப்பது நல்லது, 24 பேர் ஒரே நேரத்தில் கையை உயர்த்துவார்கள். 2, 3, 5, 7, 13 ஐந்துக்கும் மீதி 1, ஏனென்றால் 8190 = 2 × 3² × 5 × 7 × 13. 11க்கு 7, 17க்கு 14, 19க்கு 2, 23க்கு 3, 29க்கு 13, 31க்கு 7, 37க்கு 14, 41க்கு 32, 43க்கு 21, 47க்கு 13, 53க்கு 29, 59க்கு 49, 61க்கும் 67க்கும் 17, 71க்கு 26, 73க்கு 15, 79க்கு 54, 83க்கு 57, 89க்கு 3. வகுத்தலில் நம்பிக்கை குறைந்த பிள்ளைகளுக்கு 11, 19, 31 போன்றவற்றைக் கொடுங்கள். 83ஐயும் 59ஐயும் கெட்டிக்காரருக்கு விடுங்கள்.